கவ்வாத்து

அந்தப் படத்துக்கு மூன்று வடிவம்.
மூன்றும் என்னிடம் இருக்கின்றன,
தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு மேலே
சார்ஜரும் இயர்போனும் விற்கிற கடையில்,
கீறல் விழுந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்.

தியேட்டரில் ஓடியது இரண்டே கால் மணி நேரம்.
அதில் பேரரசன் ஆற்றைக் கடக்கிறான்.
குதிரையின் நெஞ்சளவு தண்ணீர், தாரை, தப்பட்டை,
முடிந்தது படம்.
இயக்குநர் பிற்பாடு விட்டது மூன்றே முக்கால்.
அதில் அவன் கடப்பதில்லை.
எட்டு வருடம் நடந்த சிப்பாய்கள்
ஈட்டிகளை மணலில் படுக்க வைக்கிறார்கள்.
பன்னிரண்டு நிமிடம் ஒருவரும் பேசுவதில்லை,
மழை மட்டும்.

நான் பிழை பிடிக்கிறவன்.
சி.ஆர். கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன்,
நிமிடம், நொடி, குற்றம் என்று கோடு போட்டு.
பதினாறாம் நிமிடம்: சேணத்தில் அங்கவடி.
அந்தக் காலத்துக் குதிரைக்காரனுக்குக்
கால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.
நாற்பதாம் நிமிடம்: சந்தையில் காயும் மிளகாய்.
மிளகாய் கடல் தாண்டி வர
இன்னும் ஆயிரத்தெண்ணூறு வருடம் கிடக்கிறது.
ஒரு தளபதியின் புஜத்தில் தடுப்பூசித் தழும்பு.

நாற்பத்தோராவது பிழை
பெரிய வடிவத்தில் மட்டும்.
இரண்டு மணி நாற்பத்தேழாம் நிமிடம்.
படை மலையேறுகிறது, பனி விலகுகிறது,
இடது ஓரத்தில் நான்கு நொடி
சரிவு முழுக்கத் தேயிலை.
"இரண்டாயிரம் வருடம் முந்தி முளைத்துவிட்டது" என்று
சிரித்துக்கொண்டே எழுதினேன்.
பிறகு நிறுத்திப் பார்த்தேன்.
நிரைக்கு நடுவே ஒருத்தி,
இடுப்பில் நீலப் படங்கு,
தலையில் கயிறு, முதுகில் கூடை,
கேமராவை நேராகப் பார்க்கிறாள்.

பூமாரியக்கா.
எட்டாம் நம்பர் மலை.

ரீலோடு போட வந்தவளிடம் காட்டினேன்.
கண்ணைச் சுருக்கினாள்.
"எல்லாரையும் செடிக்குள்ள குந்தச் சொன்னாங்க.
அட்டை ஏறிருச்சு, எந்திரிச்சேன்.
அன்னைக்குக் கொழுந்து கொறைஞ்சு போச்சுன்னு
அரைப் பேருதான் போட்டாங்க."
பிறகு கேட்டாள்:
"அந்த ராசா நம்ம பக்கம் வந்தானா?"
இல்லை என்றேன்.
"பொறகு எதுக்கு?"

சொல்லத் தெரியாமல்
ஈட்டி வைக்கும் இடத்தை ஓடவிட்டேன்.
பன்னிரண்டு நிமிடமும் நின்றபடியே பார்த்தாள்.
"பெரட்டுக்குப் போகல," என்றாள். "சரிதான்."

மூன்றாவது வடிவம் போன வருடம் வந்தது,
பிழை திருத்திய பதிப்பு.
அறிஞர்கள் உட்கார்ந்து பார்த்தார்களாம்.
அங்கவடி இல்லை, மிளகாய் இல்லை,
தழும்பை வழித்துவிட்டார்கள்.
இரண்டு மணி நாற்பத்தேழில்
தேயிலை இருந்த இடத்தில் காடு.
கணினி வளர்த்த காடு,
கிளையில் ஒரு குரங்குகூட.

சரியான காடு என்பதுதான் தொல்லை.
அங்கே காடுதான் இருந்தது.
அதை வெட்டினவர்கள்
மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்தவர்கள்,
நடையிலேயே பாதிப் பேர் கழிந்துபோனவர்கள்.
ஆற்றங்கரையில் ஈட்டியை வைத்தவனுக்குத்
திரும்பிப் போக ஒரு ஊராவது இருந்தது.
மூன்று வடிவத்திலும் இந்த நடை இல்லை.
இது வேறு படம் என்பார்கள்.
இருக்கலாம்.

சும்மா விட்டால் தேயிலை மரமாகிவிடும்,
முப்பது அடிக்கு.
நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை
முழங்காலளவில் கவ்வாத்து வெட்டுவார்கள்.
வெட்டிய மலை எலும்பாய்க் கிடக்கும்.
அடியில் அதே பழைய தூர்.

பெரிய வடிவத்தின் கடைசியில்
பதினோரு நிமிடம் பெயர்கள் ஏறுகின்றன,
குதிரைக்குப் புல் போட்டவன் பெயர்கூட.
கடையைச் சாத்திவிட்டுக் கொப்பியை எடுத்தேன்.
நாற்பத்தோராவது வரியை அடித்து
மேலே எழுதினேன்:
பூமாரி, எட்டாம் நம்பர் மலை,
நான்கு நொடி.
முழுப் பேர்.

மற்ற நாற்பதும் பிழைதான்.